செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் பெட்ரோல் புல் வெட்டும் மெஷின்: வாங்குவதிலிருந்து எடுத்து வைப்பது வரை

ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளின் மதிலுக்குள் புல் முழங்காலைத் தொட்டுவிடும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். சுற்றிலும் வெற்றிடம். வருஷத்தில் பெரும்பாலான நாள் வீடு பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கோ படைப்புக்கோ ஊருக்கு வரும்போது கால் வைக்கிற இடமெல்லாம் நெருஞ்சியும் நாயுருவியும் நிற்கும். அரிவாளோடு வந்து நாள் முழுக்க அறுத்துக் கொடுக்க ஆள் கிடைப்பது அருமையாகிவிட்டது. அதனால்தான் 'பிரஷ் கட்டர்' என்கிற பெட்ரோல் மெஷின் ஊர் ஊராக வந்துவிட்டது.

மெஷினைக் கிளப்பி ஓட்டுவதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்தில் கவனம் வேண்டியது தரையில்தான். செம்புராங்கல் சரளை, உடைந்த நாட்டு ஓட்டுச் சில், பாட்டில் சில்லு, எப்போதோ கட்டிட வேலைக்கு வந்து விட்டுப்போன கம்பி எல்லாம் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். இந்தத் தரைக்கு எந்த மெஷின், புல்லை வெட்டச் சுழலும் நைலான் கயிறு எது, எப்படி வெட்டுவது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வாங்கலாமா, வாடகையா?

வருஷத்தில் இரண்டு முறை மட்டும் வெட்ட வேண்டிய பத்து, இருபது சென்ட் இடம் என்றால் வாங்காதீர்கள். மெஷினோடு வரும் ஆளை மணிக்கணக்கில் அமர்த்துவதுதான் லாபம். ஓடாமல் கிடக்கிற பெட்ரோல் மெஷின்தான் சீக்கிரம் கெடும். அரை ஏக்கருக்கு மேல் இடம் உண்டு, தென்னையோ மாவோ வைத்திருக்கிறீர்கள், வீட்டில் ஆள் இருக்கிறார் என்றால் வாங்கலாம். பங்காளிகள் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்குவதும் நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒரே ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். நாலு கை மாறினால் பெட்ரோலில் ஆயில் கலந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

எந்த மெஷின்?

2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக் என்று இரண்டு வகை. 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். விலை குறைவு, அமைப்பு எளிது, ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். புகையும் சத்தமும் அதிகம். 4 ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல், ஆயில் தனி. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 எஞ்சின் இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம்: 35.8 சிசி, 10டபிள்யூ-30 ஆயில் 100 மி.லி. மட்டுமே பிடிக்கும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், விலை கூடுதல்.

என் அபிப்பிராயம், வீட்டு உபயோகத்துக்கு வசதியிருந்தால் 4 ஸ்ட்ரோக். கலவைத் தொல்லை இல்லை என்பதே பெரிய நிம்மதி. 52 சிசி என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டு மலிவாக விற்கும் மெஷின்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்குமுன் கடைக்காரரிடம் கார்பரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் மூன்றுக்கும் உதிரி கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால் அந்த மெஷின் வேண்டாம்.

தோளில் மாட்டுவது, முதுகில் சுமப்பது என்றும் இரு வகை. ஊருணிக் கரை, வரத்துக்கால் மாதிரி சரிவில் வெட்டுவதற்கு முதுகு மெஷின் தோது. சமதளமான வீட்டு வளாகத்துக்குத் தோளில் மாட்டும், இரட்டைக் கைப்பிடி உள்ள மெஷினே நல்லது. இடுப்பைத் திருப்பி வீசி வெட்டலாம், கை வலிக்காது. கடையிலேயே வாரை மாட்டிப் பாருங்கள். கையை விட்டுவிட்டு நின்றால் வெட்டும் தலை தரைக்குச் சற்று மேலே, தரைக்கு இணையாகத் தொங்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்தாலும் தூக்கினாலும் கொக்கியை நகர்த்திச் சரிசெய்யலாம். வாரை இழுத்ததும் சட்டென்று கழன்றுவிடும் பூட்டு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் தீப்பிடித்தாலோ குளவி துரத்தினாலோ அதுதான் காப்பாற்றும்.

பெட்ரோலும் ஆயிலும்

2 ஸ்ட்ரோக் மெஷினில் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. கண்ணளவு வேண்டாம், மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் கீறி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை, பிளக்கில் கரி, சைலன்சரில் அடைப்பு. காற்றில் குளிரும் எஞ்சினுக்கான 2டி ஆயிலாக இருக்க வேண்டும். டப்பாவில் 'ஜாஸோ எஃப்சி' (JASO FC) அல்லது 'எஃப்டி' (FD) என்ற தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள். படகு மோட்டாருக்கான ஆயில் வேறு ரகம், இதற்கு ஆகாது.

கேனில் பாதி பெட்ரோல், பிறகு அளந்த ஆயில், பிறகு மீதிப் பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, வலை வைத்த புனல் வழியாக டேங்கில் ஊற்றுங்கள். மறுபடி ஊற்றும் ஒவ்வொரு தடவையும் கேனைக் குலுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் கேட்டால் பங்க்கில் தர மறுப்பார்கள், அது நியாயம்தான். பெட்ரோலுக்கென்றே உள்ள உலோகக் கேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அரைகுறையாக நிரம்பிய கேனில் நாள்பட வைத்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். ரப்பர் குழாயும் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வும் அதில் கெடும். கையேட்டில் எவ்வளவு எத்தனால் வரை ஏற்கும் என்று எழுதியிருக்கும், வாங்கும்போதே பாருங்கள். எதுவானாலும் ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் வாங்குங்கள்.

கேனை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். பர்மாத் தேக்குத் தூணும் உத்தரமுமாக இருக்கிற வீட்டில், பூட்டிய அறைக்குள் பெட்ரோல் ஆவி தேங்குவது பேராபத்து. வெளியே, நிழலான, காற்றோட்டமுள்ள கொட்டகை போதும்.

நைலான் கயிறா, பிளேடா?

வெட்டும் தலைகளில் மூன்று வகை உண்டு: நைலான் கயிற்றுத் தலை, மூன்று பல் பிளேடு, வட்டமான பல் பிளேடு. பிளேடைப் பார்த்ததும் அதுதான் வேகம் என்று தோன்றும். செட்டிநாட்டு வீட்டு வளாகத்துக்கு நான் கயிற்றைத்தான் சொல்வேன். கல்லில் பட்டால் கயிறு தேயும், அவ்வளவுதான். பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், பல் உடைந்து தெறிக்கும், மெஷினே ஆளை உதறும். அருகம்புல், கோரை, குப்பைமேனி, தும்பை எல்லாவற்றுக்கும் 2.4 முதல் 3 மி.மீ. வரையிலான கயிறு போதும். எது உங்கள் தலைக்குப் பொருந்தும் என்று கையேட்டில் இருக்கும். தடித்த கயிறு போட்டால் நன்றாக வெட்டும் என்று நினைத்துச் சின்ன எஞ்சினில் ஏற்றினால் எஞ்சின் சூடாகும்.

மூன்று பல் பிளேடு, தண்டு முற்றிய துத்தி, ஆவாரை, புதர்க்காடு வெட்ட. அதுவும் கல் இல்லை என்று நிச்சயமான இடத்தில். விரல் தடிமனுள்ள சீமைக் கருவேலக் கன்றுக்கு வட்டப் பிளேடு. ஆனால் கருவேலத்தை வெட்டினால் அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு கடப்பாரை போட்டு எடுப்பதுதான் அதற்கு வைத்தியம்.

கயிறு சுற்றும் விதம்: தலையின் உட்சுருளில் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும். கயிற்றை நடுவில் மடித்துக் காடியில் மாட்டி, இரண்டு பக்கத்தையும் தனித்தனிப் பாதையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். குறுக்கே ஏறிவிட்டால் ஓடும்போது கயிறு உருகி ஒட்டிக்கொள்ளும், தரையில் தட்டினாலும் வெளியே வராது. இரு முனையும் ஒரு சாண் நீளம் வெளியே இருக்கட்டும். நம் வெயிலில் கொட்டகையில் கிடந்த நைலான் காய்ந்து மொறமொறப்பாகிவிடும், பட்டவுடன் முறியும். வெட்டுவதற்கு முந்தின நாளே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் நைலான் ஈரத்தை வாங்கி மறுபடி வளைந்து கொடுக்கும். செலவில்லாத, நிச்சயம் பலன் தரும் வேலை இது.

பிளேடு மாட்டும் போல்ட்டும் நட்டும் பெரும்பாலும் எதிர்மரை. வழக்கமாகக் கழற்றும் திசையில் திருகினால் இறுகிக்கொண்டே போகும். முதலில் எஞ்சின் ஆஃப், பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கியர் பாக்ஸில் இருக்கும் சின்ன ஓட்டையில் கம்பியைச் செருகித் தண்டைச் சுழலாமல் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கயிற்றுத் தலைக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. தயவுசெய்து கழற்றாதீர்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கும், நீண்டுவரும் கயிற்றைச் சரியான நீளத்துக்கு அதுதான் நறுக்குகிறது. தடுப்பு இல்லையென்றால் கயிறு தேவைக்கு மேல் நீண்டு சுற்றும். எஞ்சின் திணறும், கிளட்ச் சூடாகும், கல் நேராகக் கால் முட்டிக்கு வரும்.

உடுப்பு

கைலியோடும் வேட்டியோடும் இந்த வேலை கூடாது. தொளதொளப்பில்லாத முழுக்கால் பேண்ட், முட்டி வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை. கழுத்தில் துண்டு தொங்கக் கூடாது, தலையில் கட்டிக்கொள்ளலாம். முகம் முழுக்க மறைக்கும் வலைக்கவசத்துக்குள் கண்ணாடியும் போடுங்கள். வலை வழியாகப் பொடிச் சில் வரும். இந்த மெஷின்களின் சத்தம் பொதுவாக 90 டெசிபலைத் தாண்டும், காதடைப்பு கட்டாயம். பார்த்தீனியம் இருக்கும் இடத்தில் முகக்கவசமும் வேண்டும். வெட்டுப்பட்ட பார்த்தீனியத்தின் துணுக்கும் மகரந்தமும் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். வேலியோரத்துச் செந்தட்டியும் அப்படித்தான், துணுக்கு பட்ட இடமெல்லாம் எரியும்.

தரையைப் பார்ப்பது

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். காலை ஏழு மணி வெயிலில் பனி காய்ந்ததும் கையில் நீளக் கம்பும் ஒரு சிமெண்டுச் சாக்குமாக இறங்குங்கள். கம்பால் புல்லை விலக்கி விலக்கி நடந்தால் கல், ஓட்டுச் சில், கம்பி, தேங்காய் மட்டை எல்லாம் தட்டுப்படும். எடுக்க முடிந்ததைச் சாக்கில் போடுங்கள். எடுக்க முடியாதவற்றுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள்: தண்ணீர்க் குழாய், வால்வு மூடி, கழிவுநீர்த் தொட்டி விளிம்பு, பழைய கல்தொட்டி, துணி உலர்த்தும் கம்பியின் முளை. கொடிக்கம்பி மிக ஆபத்தானது. சுழலும் தலையில் சுற்றிக்கொண்டால் அறுந்த நுனி சாட்டையாக வீசும்.

பாம்பும் இந்தச் சமயத்தில்தான் கண்ணில் படும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே தமிழ்நாட்டில் உண்டு. சரளைத் தரையில் சுருண்டிருக்கும் சுருட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கம்பால் தட்டிக்கொண்டே போனால் தரை அதிர்வுக்கு அவை நகர்ந்துவிடும். அதற்கு வழி வேண்டும் என்பதால்தான் வெளியிலிருந்து வட்டமாக உள்ளே வெட்டிக்கொண்டு வரக் கூடாது. வீட்டுச் சுவர்ப் பக்கம் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். பாம்பு, கீரி, உடும்பு எதுவானாலும் வெளியே போய்விடும். மயில் தரையில்தான் முட்டையிடும், புதருக்குள் முட்டை கண்டால் அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிடுங்கள். யாருக்காவது கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆட்கள், பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். காரை நகர்த்திவிடுங்கள். வண்ணக் கண்ணாடி போட்ட சன்னல் இருக்கும் பக்கம் மரக்கதவைச் சாத்தி வையுங்கள். ஒரு சரளைக்கல் போதும், அந்தக் காலத்துக் கண்ணாடிக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டிவரும்.

கிளப்புவது

1. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, வெறும் தரையில் மெஷினைப் படுக்க வையுங்கள். வெட்டும் தலை எதிலும் படக் கூடாது.
2. சுவிட்சை ஆன் செய்து, கார்பரேட்டருக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழை ஏழெட்டுத் தடவை அமுக்குங்கள். குமிழுக்குள் பெட்ரோல் ஏறுவது தெரியும்.
3. எஞ்சின் ஆறியிருந்தால், காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கை மூடுங்கள். சூடாக இருந்தால் திறந்தே இருக்கட்டும்.
4. இடது கையால் மெஷினைத் தரையோடு அழுத்திப் பிடித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, பிடிப்பு தட்டியதும் விரைவாக இழுங்கள். முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டாம். கைவிட்டுச் சுண்டவிடாமல் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.
5. 'டுப்' என்று ஒரு சத்தம் வந்ததும் சோக்கைத் திறந்து மறுபடி இழுங்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும்.
6. கிளம்பியதும் ஓரிரு நிமிஷம் ஆக்சிலேட்டர் தராமல் ஓடவிடுங்கள். அப்போது வெட்டும் தலை சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் திருகைக் குறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

வெட்டுவது

நேர்த்தண்டு மெஷின்களில் தலை பொதுவாக, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசும்போதுதான் நன்றாக வெட்டும், வெட்டிய புல்லும் இடது பக்கம் வரிசையாக விழும். இடமிருந்து வலம் வருவது திரும்பும் வீச்சு மட்டும். வெட்டி முடித்த பகுதி எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் புல் அங்கே விழும், வெட்ட வேண்டிய புல் மறையாது.

பிளேடு போட்டிருந்தால் இன்னும் கவனம். அதன் முன்பக்க வலது கால்வட்டம், அதாவது கடிகார முகப்பில் 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட பகுதி, கெட்டியான எதிலும் படக் கூடாது. பட்டால் மெஷின் மொத்தமாக ஆளை உதறித் தள்ளும். 8 முதல் 11 வரையுள்ள இடது பகுதியால்தான் வெட்ட வேண்டும்.

கையால் தள்ள வேண்டாம், கால் அகட்டி நின்று இடுப்பைத் திருப்புங்கள். ஆளுயரப் புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்டப் பார்த்தால் நீளத்தாள் தலையில் சுற்றிக்கொள்ளும். முதலில் மேல்பாதி, அப்புறம் அடிப்பாதி. கயிற்றின் நுனிதான் வெட்டுகிறது, முழுக்கயிற்றையும் புல்லுக்குள் திணித்தால் வேகம் போய்விடும். எஞ்சின் சத்தம் இறங்கினால் அதிகமாகத் திணிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மண் தெரிய மழிக்காதீர்கள். மூன்று விரல் உயரம் அடித்தாள் நிற்கட்டும். சரளை தெறிப்பது பாதியாகும், கயிறும் மிச்சம், அடுத்த மழையில் செம்மண் கரைந்து ஓடாது. செம்மண் புழுதி காற்று வடிகட்டியில் ஏறுவதும் குறையும்.

சுவரோரம் தனி வேலை. நம் வீடுகளின் வெளிச்சுவர் சுண்ணாம்புக் காரை. நைலான் கயிறு ஒரு நிமிஷம் அதே இடத்தில் உரசினால் அடிப்பூச்சில் வாய்க்கால் மாதிரி கோடு விழும், அதன் வழியாக ஈரம் ஏறும், அடுத்த மழைக்காலத்தில் அங்கிருந்தே காரை உதிரும். சிமெண்டால் பூசி அதை மூடுவதும் சரிப்படாது, சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டி நிற்காது. அதனால் சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டி, மீதியைக் கையால் பிடுங்கிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணை, படி ஓரங்களிலும் இதே கணக்கு. கண்ணாடித்தட்டில் வார்த்த அந்த வழவழப்பில் ஒரு சில்லுப் பெயர்ந்தால் தனியே தெரியும்.

இளங்கன்றுகளும் அப்படித்தான். மாங்கன்று, முருங்கை எதுவானாலும் அடிப்பட்டையைக் கயிறு சுற்றிவர உரித்துவிட்டால் வேருக்கு உணவு இறங்காமல் மரம் பட்டுவிடும். பழைய பிவிசி குழாயை அரையடி நீளத்துக்கு அறுத்து, ஒரு பக்கம் பிளந்து, அடியில் மாட்டிவிடுங்கள்.

ஒரு டேங்க் தீர்ந்தால் எஞ்சினும் ஆறட்டும், ஆளும் ஆறட்டும். இடைவிடாத அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது சூடான சைலன்சரோடு மெஷினைப் புல்மேல் படுக்கப் போட்டாலே தீப்பிடிக்கும். கல் திண்ணையில் வையுங்கள், இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

எப்போது வெட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரே தடவை என்று வைத்தால் அதற்குள் எல்லாக் களையும் விதை போட்டு முடித்திருக்கும். ஒரு பார்த்தீனியம் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். கார்த்திகையில், மழை இடைவெளியில், பூப்பதற்கு முன் ஒரு தடவை வெட்டிவிட்டால் மார்கழிக் கடைசி வெட்டு பாதி நேரத்தில் முடியும். நெருஞ்சியையும் காய்க்கும் முன் வெட்டுங்கள், காய்த்த பிறகு வெட்டினால் முள்ளைத் தோட்டம் முழுக்க நாமே தூவுகிறோம்.

பராமரிப்பும் பழுதும்

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் காற்று வடிகட்டியைத் திறந்து தட்டிவிடுங்கள். ஸ்பாஞ்சு ரகமானால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் காயவைத்து மாட்டலாம். எஞ்சின் மேல் உள்ள துடுப்புகளில் ஒட்டிய புல்லைப் பிரஷால் தட்டுங்கள், அது அடைத்தால் எஞ்சின் குளிராது. 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் பாக்ஸில் கிரீஸ் வையுங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. 4 ஸ்ட்ரோக்கில் ஆயிலைத் தினமும் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றி, அதற்குப் பிறகு கையேட்டில் சொன்னபடி.

கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்து, பிளக் இல்லாமல் நாலு தடவை கயிற்றை இழுத்து, சோக்கைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியைக் கொக்கிக் கம்பியால் எடுத்துப் பாருங்கள். கிளம்பிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் தளர்த்தினால் ஓடுகிறது என்றால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சோக் போட்டால் மட்டும் ஓடினால் கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் பிடித்திருக்கிறது, சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். 2 ஸ்ட்ரோக் மெஷின் கிளம்பியும் வேகம் எடுக்கவில்லையென்றால் சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள், கரி அடைத்திருக்கும்.

தை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, குமிழை அமுக்கி மீதியையும் வெளியேற்றி, எஞ்சினைக் கிளப்பி அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். நைலான் கயிற்றுச் சுருளை வெயில் படாமல் தனியாக வையுங்கள். மெஷினைத் தரையில் போடாமல் சுவரில் ஆணியடித்து உயரத்தில் தொங்கவிடுங்கள். பெட்ரோல் குழாயை எலியும் அணிலும் கடித்துவிடும், சாக்கால் எஞ்சின் பகுதியைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஆடி மழை வரை கவலையில்லை.